மைக்காரியின் அண்ணன்

சென்ற செவ்வாய்க்கிழமை சமையலறையில் பிளெஸ்ஸி சொன்ன ஒரு வரிக்கு, சனிக்கிழமை காலை வரை இன்னாசியம்மாள் பதில் சொல்லவில்லை.

“செம்மலைத்தாம்மா கட்டிக்கணும்னு இருக்கேன்” என்பது அந்த வரி.

அன்று அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அண்ணேன்னு கூப்பிட்ட வாய்தானடி இது?”

அதற்குப் பிறகு நான்கு நாளாக அந்த வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் இடையில் பேச்சு என்பது சாப்பாடு, தண்ணீர் மோட்டார், கேஸ் சிலிண்டர் என்ற அளவோடு நின்றுவிட்டது.

நாள் கைவசம் இல்லை. நாளை ஞாயிறு பூசை முடிந்ததும் செம்மலின் அப்பா பிச்சை, மகனை அழைத்துக்கொண்டு பொன்னமராவதிக்குப் பெண் பார்க்கப் போகிறார். காருக்கும் சொல்லியாகிவிட்டது. பிளெஸ்ஸி போனில் அழுதபோது செம்மல் சொன்னது இவ்வளவுதான்: “எங்க அப்பாகிட்ட நான் பேசிருவேன். ஆனா சித்தி மனசு வைக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன். மூணு வருசம் எனக்குச் சோறு போட்ட வீடு அது.”

இந்த ‘அண்ணே’வும் இந்தச் ‘சித்தி’யும் எப்படி வந்தன என்பதைப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு பிளெஸ்ஸி பத்தாம் வகுப்பு. காலாண்டில் கணக்குக்கு முப்பத்தொன்று எடுத்திருந்தாள். அப்பா செபமாலைக்கு மேட்டூரில் மின்வாரிய வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை வல்லத்திராக்கோட்டைக்கு வருவார். செம்மல் அப்போது புதுக்கோட்டைக் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்தான். வாரத்துக்கு மூன்று சாயங்காலம் சைக்கிளில் வந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டான். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் வந்தான்.

ஆம்பிளை இல்லாத வீடு, வயதுக்கு வந்த பெண், இருபது வயது வாத்தியார். இன்னாசியம்மாள் முதல் நாளே வாசலில் நின்று, எதிர்வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார். “பிளெஸ்ஸி, அண்ணன் வந்திருக்குது பாரு, தண்ணி கொண்டா.” பிறகு அவனிடம் திரும்பி, “என்னைச் சித்தின்னு கூப்பிடுப்பா.”

முறைப்படி பார்த்தால் அது தப்பு. செம்மலின் அம்மா, செபமாலைக்குத் தங்கை முறை. ஆகவே செம்மல் பிளெஸ்ஸிக்கு அத்தை மகன். கட்டிக்கொள்கிற முறை. அதனால்தான் இன்னாசியம்மாள் அந்தச் சொல்லை வாசலில் வைத்துச் சொன்னார். சொன்ன அன்றே அது ஊருக்குள் போய்விட்டது. செபமாலை மட்டும் மேட்டூரிலிருந்து எப்போது வந்தாலும் பிடிவாதமாக “வாங்க மாப்ளே” என்பார். ஒரே ஆள், அப்பாவுக்கு மாப்ளே, மகளுக்கு அண்ணன். பன்னிரண்டு வருடமாக யாரும் அந்தக் கணக்கைச் சரிபார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. சத்துணவு அமைப்பாளரான இன்னாசியம்மாளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். செல்போன் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் பட்டு உடுத்திய கொரிய ராணி ஒருத்தி மிக நல்ல தமிழில் யாரையோ சபித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாசி, நான் முந்திரிக் கொல்லைக்குப் போறேன். செம்மல் வர்றேன்னிருக்கான்” என்றார் செபமாலை, தொப்பியைத் தேடிக்கொண்டே.

“எதுக்கு?”

“மேற்கால எல்லைக் கல்லைக் காணோம்னு சொன்னேன்ல. தைலமரக்காரன் வேலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கிட்டே வாரான். மனு குடுக்குறதுக்கு முன்னாடி மாப்ள ஒரு தடவை பாத்துச் சொல்லட்டும். சர்வேயரா இருந்துக்கிட்டு இதுகூடச் செய்யலைன்னா எப்புடி?”

இன்னாசியம்மாள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னிக்குத்தான் நாள் கெடைச்சுதாக்கும்.”

“ஏன், இன்னிக்கு என்ன?”

அவருக்கு ஒன்றும் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருந்தார். முப்பது வருடம் மின்கம்பத்தில் ஏறி இறங்கிய மனிதர். எந்தக் கம்பியில் கை வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே பிளெஸ்ஸியின் அறையில் போன் அடித்தது.

பிளெஸ்ஸி செய்கிற வேலையை அம்மா ஊரில் “கம்ப்யூட்டர்ல எழுதுற வேலை” என்று சொல்லிவைத்திருந்தார். அதற்கு மேல் அவருக்கே தெரியாது. சென்னையில் ஒரு டப்பிங் ஸ்டூடியோவுக்கு அவள் வசனம் எழுதுகிறாள். கொரியத் தொடர்கள் ஆங்கில எழுத்தோடு வரும். அவள் கேட்டும் படித்தும், பாத்திரங்களின் உதட்டசைவுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழில் எழுதி அனுப்ப வேண்டும். எந்தத் தொடர் என்று வெளியில் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவளும் சொல்லவில்லை. தன் அம்மா சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துப் பார்க்கிற ‘அரண்மனை மைக்காரி’யைத் தான்தான் எழுதுகிறோம் என்பதை, அதே வீட்டில் இருந்துகொண்டு ஒன்றரை மாதமாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

போனில் ஸ்டூடியோவின் கோபிநாத்.

“மேடம், ஒரு பிரச்சினை. மைக்காரில ஹீரோயின் ஹீரோவை அண்ணான்னு கூப்பிடுறா.”

“ஆமா சார்.”

“ஆமாவா? ஏழு எபிசோட் வெளிய போயிடுச்சு. ஏழாவதுல ரெண்டு பேரும் லவ்வுன்னு தெரியுது. கம்ப்ளெயின்ட் நம்பருக்கு நூத்துக்கு மேல மெசேஜ். அண்ணன் தங்கச்சியை எப்படிடா ஜோடி சேர்ப்பீங்கன்னு. ஆப் காரங்க மூணு மணிக்குள்ள பதில் கேட்கிறாங்க. இன்னும் ஒன்பது எபிசோட் பாக்கி. நீங்க ஒரு வழி சொல்லலைன்னா வேற ஆள்கிட்ட குடுக்கச் சொல்லிடுவாங்க.”

பிளெஸ்ஸி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “மூலத்துல ‘ஒராபொனி’ன்னு இருக்கு சார். அண்ணன்னு அர்த்தம். மனசுக்குப் பிடிச்சவரையும் அங்க அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“அங்க கூப்பிடுவாங்க. நம்ம ஊர்ல கூப்பிடுவாங்களா? எழுதும்போது உங்களுக்கே உறுத்தலையா?”

உறுத்தவில்லை. அதுதான் உண்மை. அந்தச் சொல்லை எழுதிய எந்த இடத்திலும் அவள் கை நிற்கவில்லை. கோபிநாத் கேட்ட பிறகுதான் காரணம் அவளுக்கே புரிந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் வாயில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருந்தது. கூடப்பிறந்தவன் அவளுக்கு யாரும் இல்லை. ‘அண்ணே’ என்றால் அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான்.

“ஒரு வாய்ஸ் நோட் அனுப்புறேன், கேளுங்க” என்றான் கோபிநாத். “ஸ்டூடியோவே சிரிச்சுக்கிட்டிருக்கு. உங்க பக்கத்து அம்மாதான்.”

அவள் திறந்து காதில் வைத்தாள்.

‘வணக்கம். நான் புதுக்கோட்டை மாவட்டத்துலேர்ந்து பேசுறேன். மைக்காரி கதையை மூணாவது பாகத்துலேர்ந்து நானும் எங்க மாதா சபை அக்காமாரும் விடாமப் பாக்குறோம். நல்லாத்தான் போகுது. ஆனா ஒண்ணு. அந்தப் புள்ளைக்குத் தம்பின்னு பேரு. பொம்பளப் புள்ளைக்கு எந்த ஊருல தம்பின்னு பேரு வைப்பாக? சரி, அவுக ஊரு வழக்கம்னு விட்டுட்டோம். அவ அவனை அண்ணாங்கிறா. அவன் அவளைத் தம்பிங்கிறான். கடைசியில பார்த்தா ரெண்டு பேரும் பனியில கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக! ஏம்ப்பா, இதை எழுதுறவுகளுக்கு வீட்டுல ஆத்தா அப்பன் கெடையாதா? முறைன்னா என்னன்னு சொல்லிக்குடுத்து வளக்கலையா?’

பின்னணியில் குக்கர் மூன்று விசில் அடித்தது. “இன்னாசி, மோட்டரை நிறுத்து” என்று அப்பாவின் குரலும் கேட்டது.

நாயகியின் பெயர் தான்பி. கொரிய மொழியில் நல்ல மழை என்று பொருள். அது தம்பியாகப் போய்ச்சேரும் என்று பிளெஸ்ஸி நினைத்துப் பார்க்கவில்லை. சிரிப்பு வந்தது. ஆனால் குரல் நிற்கவில்லை. குக்கர் அடங்கிய பிறகு அதே குரல், வேறு மாதிரி, மெதுவாகத் தொடர்ந்தது.

‘கோவிச்சுக்காதீங்க. அந்தப் புள்ளையும் நல்ல புள்ளைதான். பையனும் தங்கமான பையன். ஆனா அண்ணன்னு ஒரு தடவை ஊரறியச் சொல்லிட்டா, அப்புறம் அதை எப்புடி மாத்துறது? மாத்த ஒரு வழி இருந்தா, எழுதுறவுக நீங்களே ஒரு வழி சொல்லுங்க. புண்ணியமாப் போகும்.’

பதிவான தேதியைப் பார்த்தாள். புதன்கிழமை. அவள் சமையலறையில் அந்த வரியைச் சொன்னதற்கு மறுநாள்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள்.

“எழுதுறவங்களுக்கு ஆத்தாவும் இருக்காங்க, அப்பாவும் இருக்காங்கம்மா.”

இன்னாசியம்மாள் நிமிர்ந்து பார்த்தார். “என்னடி?”

“மைக்காரி. நான்தான் எழுதுறேன்.”

அம்மாவின் கையில் பாதி உருவிய கீரைக் காம்பு அப்படியே நின்றது. கண் செல்போனுக்குப் போனது. ராணி இன்னும் சபித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கிழவி பேசுறது?”

“நான் எழுதினது.”

“‘ஒன் அடுப்புல பூனை தூங்கட்டும்’னு சொன்னாளே, அது?”

“அதுவும்.”

“அது நான் சொல்றதுல்ல!”

“ஒங்ககிட்டேர்ந்துதாம்மா எடுத்தேன்.”

இன்னாசியம்மாளுக்கு ஒரு நிமிடம் எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கோபமாக இருக்க வேண்டிய நாளில் பெருமை வந்து நிற்கிறது. கடைசியில் செல்போனைக் கவிழ்த்துப் போட்டார்.

“அப்ப நான் அனுப்புனது...”

“இப்பத்தான் கேட்டேன். முழுசும்.”

கீரைத் தட்டில் எறும்பு ஏறியது. அதைத் தட்டிவிட்டு அம்மா கேட்டார், “வேலைக்கு ஏதும் பங்கம் வருமா?”

“மூணு மணிக்குள்ள அந்தச் சொல்லுக்கு ஒரு மாத்துச் சொல்லணும். இல்லைன்னா வேற ஆளு.”

“அத்தான்னு போடேன்.”

“பழைய படம் மாதிரி இருக்கும்மா.”

“மாமான்னு?”

“அரமனையில நின்னுக்கிட்டு மாமாங்கிறதா?”

“ஆமா, அது நல்லாருக்காது. சபை அக்காமாரு சிரிப்பாக.” அம்மா யோசித்தார். யோசிக்கும்போது நான்கு நாள் மௌனம் அவருக்கு மறந்துவிட்டது. “மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு. அவன் கூடப்பொறந்தவனா, இல்லையா?”

“இல்லம்மா. நீங்க மூணாவதுலேர்ந்து பாத்தீங்க. ரெண்டாவதுல இருக்கு. பாருங்க.”

லேப்டாப்பைக் கீரைத் தட்டுக்கு எதிரில் வைத்து இரண்டாம் பாகத்தை ஓட்டினாள். மலையடிவாரத்தில் எழுதும் மை அரைக்கும் குடும்பம். அரண்மனையிலிருந்து தப்பிய இளவரசன் அடிபட்டு வந்து அவர்கள் வீட்டில் ஒளிகிறான். மறுநாள் காலை தெருவில் ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். மை அரைக்கிறவரின் மனைவி சட்டென்று மகளைப் பிடித்து முன்னால் தள்ளி, கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்கிறாள். ‘அண்ணன் வந்திருக்கிறான், தண்ணீர் கொண்டு வா.’

இன்னாசியம்மாள் திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

“இதையும் நீதான் எழுதுனியா?”

“இல்லம்மா. அவங்க கதையிலயே அப்படித்தான். ‘உன் அண்ணனை வரவேற்பாயாக’ன்னு இருந்துச்சு. தண்ணி மட்டும் நான் சேத்தேன்.”

அம்மா காட்சியைத் திரும்ப ஓட்டச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை அந்தக் கொரியத் தாயின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு அவள் கதவில் சாய்ந்து பெருமூச்சு விடுகிறாள். மகள் தண்ணீர்க் கிண்ணத்தோடு அந்தப் பையனைப் பார்க்கிற பார்வையை அவள் கவனிக்கவில்லை.

“ஆத்தாக்காரி மேல தப்பு” என்றார் இன்னாசியம்மாள்.

பிளெஸ்ஸி படத்தை நிறுத்தினாள்.

“போட்டது தப்பில்ல. அன்னிக்குப் போட்டுத்தான் ஆகணும், ஊரு அப்புடி. ஆனா வேலி போட்டவதானே படலைத் தொறக்கணும்? புள்ளைய வந்து முள்ளுல கையை வைக்கச் சொன்னா?” கீரைக் காம்பை எடுத்தார். கீழே போட்டார். “இவ எத்தனாவது பாகத்துல தொறக்குறா?”

“அவ தொறக்க மாட்டாம்மா. அஞ்சாவதுலயே செத்துப்போயிடுறா.”

“ஆமால்ல” என்றார் அம்மா. அவள் செத்த அன்று தான் அழுதது இப்போதுதான் ஞாபகம் வந்தது. “பாவி. சொல்லாமலே போய்ட்டா.”

மணி பதினொன்றரை. சோறு வடிக்க எழுந்தவர், அடுக்களை வாசலில் நின்று திரும்பினார்.

“அந்தச் சொல்லை எடுக்காத. இருக்கட்டும்.”

“அண்ணாவா?”

“நாலு பேரு முன்னாடி அண்ணான்னே கூப்பிடட்டும். ஊருக்குச் சொன்ன சொல்லு, ஊருக்கு முன்னாடி இருக்கட்டும். தனியா இருக்கப்ப ஒண்ணும் சொல்லாம மொட்டையாப் பேசட்டும். ‘இங்க பாருங்க’, ‘கேட்டீங்களா’ன்னு. பாக்குறவுகளுக்கு அதுலயே தெரிஞ்சுபோகும், அந்தச் சொல்லு அவ வாயில வரலைன்னு. அப்புறம் ஒரு நாளைக்கு எல்லாரும் இருக்கப்பவே அவ...” அம்மா நிறுத்தினார். “நான் ஒங்கப்பாவை எப்புடிக் கூப்பிடுறேன்?”

“என்னங்க.”

“அதைச் சொல்லட்டும். ஒரே ஒரு தடவை. ஆமாவான்னு யாரும் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டாக. எல்லாருக்கும் வெளங்கிரும்.”

பிளெஸ்ஸி எட்டாம் பாகத்தைத் திறந்தாள். அரண்மனை முற்றம், இருநூறு பேர், கைதியாக நிற்கிற இளவரசன். தான்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, ஒரு கணம் நின்று, வாய் திறக்கிறாள். ஒ-ரா-பொ-னி. உதட்டைப் பார்த்தபடி பிளெஸ்ஸி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். “என்... னங்... க.” கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்தால் போதும்.

வெளியான பாகங்களில் மாற்ற வேண்டியவை முப்பத்தெட்டு இடங்கள். கூட்டமாக இருக்கிற காட்சிகளைத் தொட வேண்டாம். தனியாக இருக்கிறவற்றை மட்டும் எடுத்து எழுதினாள். அம்மா சாப்பாட்டுத் தட்டை மேசைக்கே கொண்டுவந்து வைத்தார். நான்கு நாளில் முதல் தடவையாக, ரசத்துக்கு அப்பளமும் இருந்தது.

இரண்டே முக்காலுக்கு அனுப்பினாள். மூன்று பத்துக்குக் கோபிநாத் கூப்பிட்டான்.

“மேடம், எட்டாவதுல அந்த ‘என்னங்க’வைப் பேசிப் பார்த்தோம். டப்பிங் பேசுற பொண்ணு ரெண்டாவது டேக்ல அழுதிடுச்சு. ஆப் காரங்க ஓகே. பாக்கி ஒன்பதும் நீங்கதான். யார் ஐடியா இது?”

“அந்த வாய்ஸ் நோட் அம்மா சார்.”

கோபிநாத் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தான்.

நான்கரை மணிக்குச் செபமாலையும் செம்மலும் கொல்லையிலிருந்து திரும்பினார்கள். இரண்டு பேர் காலிலும் செம்மண். செம்மலின் சட்டையில் தைல இலை வாசனை.

“கல்லு கெடைச்சிருச்சு!” என்றார் செபமாலை வாசலிலிருந்தே. “எங்கிட்டும் போகலை. போட்ட எடத்துலதான் இருக்கு. மேல மண்ணும் சருகும் ஏறி மூடிக்கெடந்துச்சு. மாப்ள டேப்பைப் புடிச்சுக்கிட்டு நேரா நடந்து போயி, இங்க தோண்டுங்கன்னான். ஒரு முழம்கூடத் தோண்டலை.”

“சித்தி, கொஞ்சம் தண்ணி” என்றான் செம்மல். இன்னாசியம்மாளின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை நடந்தது அவனுக்குத் தெரியும்.

அவர் செம்பை நீட்டினார். அவன் குடித்துவிட்டு, கை கால் கழுவச் செபமாலையோடு பின்பக்கம் குழாயடிக்குப் போனான். போகும்போதே சொன்னான், “கெளம்புறேன் மாமா. அப்பா ஆறு மணிக்குள்ள வரச் சொன்னாரு. நாளைக்கு...”

அடுக்களையில் காபி டம்ளர்களை வரிசையாக வைத்த இன்னாசியம்மாள், மகளைப் பார்க்காமல் சொன்னார். “காப்பி ஆறுது. கூப்பிடு.”

“அப்பாவையா?”

“வந்திருக்கவரை.”

அவரை. பன்னிரண்டு வருடத்தில் அம்மா செம்மலுக்கு ‘அவன்’ தவிர வேறு சொல் வைத்ததில்லை. பிளெஸ்ஸி அம்மாவின் முதுகைப் பார்த்தாள். அது திரும்பவில்லை. கை மட்டும் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தது, ஏற்கெனவே கலக்கிய டம்ளரில்.

பின்வாசலுக்கு வந்தாள். குழாயடியில் செபமாலை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். செம்மல் குனிந்து காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

வழக்கமான சொல் நாக்கு நுனி வரை வந்தது. அதை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

“என்னங்க.”

இரண்டு ஆண்கள் திரும்பினார்கள்.

செபமாலைக்கு அது முப்பது வருடப் பழக்கம். இந்த வீட்டில் அந்தச் சொல் அவருக்கு மட்டும்தான். “என்ன இன்னா...” என்று ஆரம்பித்தவர், வாசலில் நிற்பது மகள் என்று கண்டார். மகளின் கண் போகிற திசையைப் பார்த்தார். அங்கே கையில் செம்போடு, பாதி கழுவிய காலோடு, செம்மல் நின்றான். செம்பிலிருந்து தண்ணீர் தரையில் வழிந்துகொண்டிருந்தது; அவனுக்குத் தெரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி எடுக்கிற சத்தமும் நின்றுவிட்டது.

செபமாலை மண்வெட்டியை மெதுவாகச் சுவரில் சாய்த்துவைத்தார். “எனக்கில்லையா?” என்றார் மகளிடம்.

“காப்பி ஆறுதுப்பா” என்றாள் அவள்.

செம்மல் அவளுக்குப் பின்னால், அடுக்களை வாசலில் வந்து நின்ற இன்னாசியம்மாளைப் பார்த்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போனபோது பிளெஸ்ஸிக்கு இருந்த முகம் இப்போது அவனுக்கு இருந்தது.

“சித்தி...”

“அத்தைன்னு கூப்பிடுங்க” என்றார் இன்னாசியம்மாள். சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில். “சொல்லிவச்சவ நான்தானே. நானே மாத்திக்கிறேன்.”

அவன் சொன்னான். முதல் தடவை ‘சி’ என்று தொடங்கி நிறுத்தினான். இரண்டாவது தடவை வந்தது.

செபமாலை தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, “நான் அன்னிக்கே மாப்ளேன்னு சொன்னேன்ல, யாரு கேட்டீக?” என்றார். அவ்வளவு நேரம் சிரிப்பை எங்கே வைத்திருந்தாரோ.

அப்போதுதான் செம்மலின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். முகம் மாறியது.

“அப்பா.”

ஈரக் கையால் பச்சைப் பொத்தானைத் தொட்டபோது ஸ்பீக்கரும் சேர்ந்து திறந்துகொண்டது. பிச்சையின் குரல் பின்கட்டு முழுக்கக் கேட்டது.

“எங்கடா இருக்க? பொன்னமராவதிக்காரங்க இப்பத்தான் பேசுனாங்க. நாளைக்குச் சும்மா பாக்குறது மட்டும் வேணாமாம், கையோட வெத்தலை பாக்கு மாத்திக்கிருவோங்கிறாங்க. நானும் சரின்னு வாக்குக் குடுத்துட்டேன். சீக்கிரம் வா.”

செம்மல் வாயைத் திறந்தான். செபமாலை கையை நீட்டினார். “குடுங்க மாப்ளே, நான் பேசுறேன்.”

ஆனால் போன் அவர் கைக்குப் போகவில்லை. இன்னாசியம்மாள் படியிறங்கி வந்து, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அதைத் தானே வாங்கினார். ஒருமுறை மகளைப் பார்த்தார்.

பிச்சை அவருக்கு, கணவரின் தங்கை புருசன். அந்த முறைக்கு அழைக்க ஒரே ஒரு சொல்தான் உண்டு.

“அண்ணே” என்றார் இன்னாசியம்மாள். “நான் இன்னாசி பேசுறேன். அந்த வாக்கைப் பத்தித்தான் ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”